கோப்புப் பகிர்வுச் சர்வரில் நினைவகக் கசிவு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பகிர்வுச் சர்வர் ஒன்று வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மெல்ல மெல்ல மந்தமாகிறது. கோப்புறையைத் திறந்தால் உள்ளே இருப்பவை தெரியவே நேரமாகிறது. கோப்புப் பகிர்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத தரவுத்தளம் ஒன்று தானாக நின்றுபோகிறது. ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் எதுவும் அளவுக்கு மீறி நினைவகத்தைப் பிடித்திருக்கவில்லை. எல்லா நிரல்களின் கணக்கையும் கூட்டினாலும் இயந்திரத்தில் உள்ள நினைவகத்தில் பாதிகூட வரவில்லை. ஆனாலும் நினைவகம் தீர்ந்துவிட்டது என்கிறது இயங்குதளம். மறுதொடக்கம் செய்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. சில வாரங்களில் மறுபடியும் அதே நிலை.

இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால், நினைவகம் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இயந்திரத்தின் கோப்புப் பகிர்வுச் சேவையும் கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் அங்கே போவதுதான் நியாயம். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய கெர்னல் பகுதிகளில் அது ஒன்று.

இப்படி ஒரு சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பகுதி லினக்ஸைப் பற்றியது. விண்டோஸுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் மூல எழுத்துகளிலேயே இட வேண்டும்.

முதலில், எந்தக் கசிவு?

பாதுகாப்பு அறிவிப்புகளில் இரண்டு வேறுபட்ட குறைகள் ஒரே பெயரில் வருகின்றன. ஒன்றில், சர்வர் தன் நினைவகத்தில் இருந்த உள்ளடக்கத்தைத் தவறுதலாக எதிர்முனைக்கு அனுப்பிவிடுகிறது. 2020 ஜூனில் மைக்ரோசாஃப்ட் சரிசெய்த எஸ்எம்பிளீட், அதாவது சிவிஇ-2020-1206, அந்த வகை. (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பொது அடையாள எண்.) அதில் போவது ரகசியம். மற்றொன்றில், சர்வர் ஒரு வேலைக்காக ஒதுக்கிய இடத்தைத் திருப்பித் தர மறந்துவிடுகிறது. இதில் போவது இடம். தொடர்ந்து போனால் இயந்திரமே விழுந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. முதலாவது நடந்திருந்தால் கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு அது தேவையில்லை. இயந்திரம் விழாமல் காப்பதே வேலை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அறிவிப்பு ஒன்று கையில் கிடைத்ததும், அது எந்த வகை என்பதை விளக்கத்தைப் படித்து முடிவுசெய்துகொள்ளுங்கள். தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

கெர்னல் எழுதப்படும் சி மொழியில் நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பித் தருவதும் நிரலாளரின் பொறுப்பு. வாங்கிய இடத்தின் முகவரி ஒரு மாறியில் இருக்கும். அந்த மாறியில் வேறொரு முகவரி எழுதப்பட்டுவிட்டால், பழைய இடம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கெர்னலின் பதிவேட்டில் அது பயன்பாட்டில் இருப்பதாகவே இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்துபவர் எவரும் இல்லை.

இத்தகைய மறதி வழக்கமான பாதையில் அரிதாகவே நேர்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நடக்கும் வேலையில் கசிவு இருந்தால் சோதனையிலேயே தெரிந்துவிடும். பிழைப் பாதைகளில்தான் அது ஒளிந்திருக்கும்: வந்த செய்தி பாதியில் முறிந்திருந்தால், அளவு பொருந்தாவிட்டால், தெரியாத விருப்பம் ஒன்று கேட்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று எழுதப்பட்ட வரிகளில். சாதாரணப் பயனரின் கணினி அந்தப் பாதைகளுக்குள் போவதே இல்லை. வேண்டுமென்றே தவறான செய்தியை அனுப்புபவர் மட்டும் நேரே அங்கே போவார். ஒரு சாதாரண நிரல்பிழை பாதுகாப்புக் குறையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

ஓர் உண்மை எடுத்துக்காட்டு

லினக்ஸ் 5.15 பதிப்பு 2021 அக்டோபர் இறுதியில் வெளியானது. அதில் கேஎஸ்எம்பிடி என்ற புதிய கோப்புப் பகிர்வுச் சர்வர் கெர்னலின் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையில் பேசுவது அதன் வேலை. அதே வேலையை 1992-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா நீண்ட காலமாகச் செய்துவருகிறது. ஆனால் சாம்பா கெர்னலுக்கு வெளியே, ஒரு சாதாரண நிரலாக ஓடுகிறது. கேஎஸ்எம்பிடி கெர்னலுக்குள் ஓடுகிறது. வேகமும், சிறிய கருவிகளில் குறைந்த இடத்தில் அடங்கிவிடுவதும் அதன் பலன்கள்.

2022-இல் அதில் ஒரு கசிவு கண்டறியப்பட்டது. சிவிஇ-2022-47941 என்பது அதன் எண். எஸ்எம்பியில் ஒரு கணினி சர்வரோடு இணைந்ததும் முதலில் நடப்பது, எந்தப் பதிப்பில் பேசலாம் என்ற உடன்பாடு. கணினி தனக்குத் தெரிந்த பதிப்புகளைச் சொல்லும். சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இந்த உடன்பாட்டுச் செய்தியைக் கையாளும் செயற்கூறில், சில பிழைகள் நேரும்போது, ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது. குறை அவ்வளவுதான். 5.19.2 பதிப்பில், 2022 ஆகஸ்டில், அந்த வரி சேர்க்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. உடன்பாடு முடிந்த பிறகுதான் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். குறையோ உடன்பாட்டிலேயே இருக்கிறது. ஆகவே எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தக் குறைக்கு எதிராக அது உதவாது. சர்வரின் போர்ட்டை, அதாவது வலையமைப்பில் அந்தச் சேவைக்குரிய எண்ணிட்ட வாயிலை, எட்ட முடிந்தவர் எவரும் இந்தப் பாதையைத் தொட முடியும். ‘எங்கள் பகிர்வுக்குக் கடவுச்சொல் இருக்கிறது, ஆகவே பயமில்லை’ என்று நினைப்பவர்கள் இந்த ஒரு செய்தியையாவது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இழப்பின் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. கெர்னல் சிறிய ஒதுக்கீடுகளை 64, 96, 128 பைட் என்பது போன்ற நிலையான அளவுகளில் தருகிறது. ஒரு முறைக்கு 96 பைட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கவனிக்கத் தகுந்த அளவே இல்லை அது. ஆனால் ஒரு கோடி முறை போனால் 96 கோடி பைட், ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். வினாடிக்கு ஆயிரம் முறை அந்தப் பாதையைத் தொடும் ஒரு சிறு நிரலுக்கு இதைச் செய்துமுடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது.

கெர்னலுக்குள் கசிந்தால் ஏன் கூடுதல் சிக்கல்

சாம்பா ஒவ்வொரு கணினியின் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. அந்தச் செயல்முறைக்குள் கசிவு இருந்தால், இணைப்பு முடிந்து செயல்முறை மறையும்போது அது பிடித்திருந்த முழு இடத்தையும் கெர்னல் எடுத்துக்கொள்ளும். நாள்முழுக்க இணைந்தே இருக்கும் கணினி என்றால் கசிவு வளரும். ஆனால் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும், இயந்திரத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை. செயல்முறைகளின் பட்டியலிலும் குற்றவாளி பெயரோடு தெரியும்.

கெர்னலுக்குள் இருக்கும் சர்வருக்கு இப்படி ஒரு மேற்பார்வையாளர் இல்லை. கெர்னல் தொலைத்த இடத்தை மீட்டுத் தர கெர்னலுக்கு மேலே ஒருவர் கிடையாது. பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து வாங்கித் தொலைத்த இடம், கெர்னலில் ஏற்றவும் நீக்கவும் கூடிய துண்டான கேஎஸ்எம்பிடி மாட்யூலையே நீக்கினாலும் திரும்பாது. மறுதொடக்கம்தான் ஒரே வழி. நினைவகம் தீரும்போது லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்தும். அப்படி நிறுத்தப்படுவது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் ஏதோ ஒரு தரவுத்தளமாகவோ இணையச் சேவையாகவோ இருக்கும். எந்தத் தவறும் செய்யாத நிரல் நிற்கிறது, கசிவு தொடர்கிறது. அறிகுறி ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலுமாக இருப்பதால்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் தரவுத்தளத்தையே துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் படி: கோப்புகளைப் பகிர்வது எது என்று உறுதிசெய்யுங்கள்

எஸ்எம்பிக்கு உரிய போர்ட் 445. பழைய வகை இணைப்புகளுக்கு 139. யூனிக்ஸ் உலகின் என்எஃப்எஸ் பகிர்வுக்கு 2049. ‘எஸ்எஸ்’ கட்டளையை, இணைப்புக்காகக் காத்திருக்கும் டிசிபி போர்ட்டுகளையும் அவற்றின் பின்னால் உள்ள செயல்முறைகளையும் காட்டும் விருப்பங்களோடு, நிர்வாகி உரிமையில் இயக்குங்கள்.

445-க்கு எதிரே ‘எஸ்எம்பிடி’ என்ற செயல்முறையின் பெயர் வந்தால் ஓடுவது சாம்பா. போர்ட் திறந்திருக்கிறது, ஆனால் எதிரே எந்தச் செயல்முறையின் பெயரும் இல்லை என்றால் அதைத் திறந்திருப்பது கெர்னல். இந்த வெற்றிடமே ஒரு தடயம். உடனே ‘எல்எஸ்மாட்’ கட்டளையால் ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலைப் பார்த்து அதில் கேஎஸ்எம்பிடி இருக்கிறதா என்று தேடுங்கள். 2049-க்கும் இதே விதிதான்: லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வரும் கெர்னலுக்குள் ஓடுவது, ஆகவே கீழே சொல்லும் அளவீடுகள் அதற்கும் பொருந்தும்.

கேஎஸ்எம்பிடி தானாக இயங்கத் தொடங்குவதில்லை. யாரோ அதற்குரிய கருவித்தொகுப்பை நிறுவி, அமைவுக் கோப்பு எழுதி, சேவையைத் தொடங்கியிருக்க வேண்டும். சேமிப்புக் கருவிகளிலும் திசைவிகளிலும் தயாரிப்பாளரே அதைச் செய்திருக்கலாம். அத்தகைய பெட்டிகளில் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் ஆவணத்தில் தேட வேண்டியிருக்கும்.

‘யுனேம்’ கட்டளையால் இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: கசிவா, வழக்கமான பயன்பாடா என்று அளந்து பாருங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. லினக்ஸ், சும்மா இருக்கும் நினைவகத்தை வட்டிலிருந்து படித்த கோப்புகளின் நகலால் நிரப்பிவைக்கும். கோப்புச் சர்வரில் இது மிக அதிகமாக நடக்கும். ‘ஃப்ரீ’ கட்டளையில் காலியாக உள்ள இடம் மிகக் குறைவு என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற எண். தேவைப்பட்டால் உடனே கிடைக்கக்கூடிய இடம் எவ்வளவு என்று கெர்னலே மதிப்பிட்டுச் சொல்வது அது, 3.14 பதிப்பிலிருந்து உள்ளது.

கெர்னல் தனக்காக வைத்திருக்கும் சிறு ஒதுக்கீடுகளின் மொத்தம் ‘ஸ்லாப்’ என்ற கணக்கில் வரும். ‘புராக்’ கோப்பகத்தில் உள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்தால் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்: நெருக்கடியில் விடுவிக்கக்கூடியது, விடுவிக்க முடியாதது. இரண்டாவதன் பெயர் ‘எஸ்அன்ரிக்ளெய்ம்’. கோப்புப் பகிர்வுச் சர்வரில் ஏற்படும் சிறு ஒதுக்கீட்டுக் கசிவு இந்த எண்ணில்தான் வெளிப்படும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி வளர்கிறது என்பதே முக்கியம். மணிக்கொரு முறை நேரம், ‘அவைலபிள்’, ‘எஸ்அன்ரிக்ளெய்ம்’, 445-இல் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் ‘கிரான்’ வழியாக ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். பிறகு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்.

ஆரோக்கியமான இயந்திரத்தில் கோடு முதலில் ஏறும், பிறகு சமநிலைக்கு வரும். வேலை அதிகமுள்ள நேரத்தில் உயர்ந்து, ஓய்வு நேரத்தில் இறங்கும். கசியும் இயந்திரத்தில் கோடு ஏறும், இறங்காது. இரவில் இணைப்புகள் சுழியத்துக்குப் போனாலும் ‘எஸ்அன்ரிக்ளெய்ம்’ பிடிவாதமாக அதே உயரத்தில் நிற்கும், மறுநாள் அங்கிருந்து மேலே ஏறும். படிக்கட்டுபோல் தெரியும் அந்த வடிவத்தை ஒருமுறை கண்டவர்களுக்குப் பிறகு ஒரு பார்வையே போதும்.

எந்த அளவுத் துண்டுகள் பெருகுகின்றன என்று அறிய ‘ஸ்லாப்டாப்’ கட்டளை உதவும். ‘கேமலாக்-96’, ‘கேமலாக்-128’ போன்ற பொதுப் பெயர்களில் ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கிறது. ‘டென்ட்ரி’, ‘ஐநோடு’ என்ற பெயர்கள் மேலே நின்றால் அவை பெரும்பாலும் கோப்புப் பெயர்களின் நினைவுகள்; விடுவிக்கக்கூடியவை, கவலை வேண்டாம்.

கசிவைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். 2017-இல் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கப்பட்ட எஸ்எம்பிலோரிஸ் தாக்குதலில், விண்டோஸ் சர்வரோடு இணைப்பைத் திறந்து, பெரிய செய்தி வரப்போகிறது என்று நான்கு பைட்டில் சொல்லிவிட்டு, எதையும் அனுப்பாமல் காத்திருப்பார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் சர்வர் 128 கிலோபைட் வரை ஒதுக்கிவைக்கும். ஒரே முகவரியிலிருந்து திறக்கக்கூடிய ஏறத்தாழ 65,000 இணைப்புகளுக்கும் சேர்த்தால் 8 ஜிகாபைட். விளைவு அதேதான்: இயந்திரம் மூச்சுத்திணறும். ஆனால் இது கசிவன்று. அந்த இடத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். இணைப்பு அறுந்ததும் இடம் திரும்பிவிடும். ஆகவே சோதனை எளிது: ஓய்வு நேரம் ஒன்றில் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுப் பாருங்கள். நினைவகம் திரும்பினால் யாரோ பிடித்துவைத்திருந்தார்கள். திரும்பாவிட்டால் தொலைந்திருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால், வட்டில் எழுத வேண்டியவற்றை ‘சிங்க்’ கட்டளையால் எழுதி முடித்துவிட்டு, கெர்னலின் ‘டிராப் கேஷஸ்’ அமைவில் 3 என்ற எண்ணை எழுதலாம். விடுவிக்கக்கூடிய எல்லா நகல்களையும் கெர்னல் விட்டுவிடும். அதன் பிறகும் குறையாமல் நிற்கும் எண்தான் உங்கள் உண்மையான கணக்கு. இதனால் தரவு எதுவும் அழியாது. ஆனால் சற்று நேரத்துக்கு எல்லாமே வட்டிலிருந்து படிக்கப்படும் என்பதால் சர்வர் மந்தமாகும். பரபரப்பான வேளையில் செய்யாதீர்கள். மேலும், இதைத் தினசரி மருந்தாக ஆக்கிக்கொள்வது வீண். கசிந்த இடத்தில் ஒரு பைட்டைக்கூட இது மீட்காது.

மூன்றாம் படி: கதவைச் சுருக்குங்கள்

கசிவு உறுதியாகும்வரை காத்திருக்காமல் இதை முதல் நாளே செய்யலாம். சொல்லப்போனால் செய்தே ஆக வேண்டும். 445, 139, 2049 மூன்றும் பொது இணையத்திலிருந்து எட்டக்கூடியவையாக இருக்கவே கூடாது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்17-010 திருத்தத்தைப் போடாமல் 445-ஐத் திறந்து வைத்திருந்த இயந்திரங்களைத்தான் அதே ஆண்டு மே மாதம் வானாகிரை என்ற, தானே பரவும் தீநிரல் தேடித்தேடிப் பிடித்தது.

ஃபயர்வாலில் முதலில் எல்லோரையும் மறுத்து, பிறகு தேவையான உள்வலையமைப்பு முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். ‘என்எஃப்டேபிள்ஸ்’, ‘ஃபயர்வால்டி’, ‘யுஎஃப்டபிள்யூ’ எதுவானாலும் சரி, வரிசை இதுதான். வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் வழியாக வரட்டும். உள்ளேயும் எல்லாக் கருவிகளுக்கும் அனுமதி தேவையில்லை. விருந்தினர் வைஃபை, கேமராக்கள், அச்சுப்பொறிகள் இருக்கும் பகுதியிலிருந்து கோப்புச் சர்வரை எட்ட வேண்டிய காரணம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். காரணம் இல்லாதவற்றை அடைத்துவிடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒரு கணினியிலிருந்து இணைய முயன்று, அது தோற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். விதியை எழுதினேன் என்பது வேறு, விதி வேலை செய்கிறது என்பது வேறு.

ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்று வரம்பு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எஸ்எம்பிலோரிஸ் போன்றவற்றுக்கு அது உதவும். அங்கே உயிருள்ள இணைப்புகள்தான் இடத்தைப் பிடித்திருக்கின்றன. தொலைந்த நினைவகமோ எந்த இணைப்போடும் கட்டப்பட்டிருக்கவில்லை. ஒருவர் ஒற்றை இணைப்பிலேயே தவறான செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்ப முடிந்தால், வரம்பு அவரைத் தொடவே தொடாது. புதிய இணைப்புகளின் வேகத்துக்குக் கட்டுப்பாடு வைப்பதும் அதே அளவுக்குத்தான்: தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. யார் எட்ட முடியும் என்பதைக் கட்டுப்படுத்துவதையே நம்புங்கள்.

நான்காம் படி: திருத்தத்தைப் போட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள்

பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவுசெய்வது புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். குறை 5.19.2-இல் சரியானது என்று அறிவிப்பு சொல்கிறது. உங்கள் இயந்திரமோ 5.15 என்று காட்டுகிறது. அதனால் குறை இருக்கிறது என்று ஆகாது. உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வினியோகங்கள் அடிப்படைப் பதிப்பை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய கெர்னலில் சேர்ப்பது வழக்கம். ஆகவே உங்கள் வினியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைத் தேடி, எந்தத் தொகுப்புப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது என்று பாருங்கள். அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ உங்களிடம் இருந்தால் போதும்.

புதிய கெர்னல் நிறுவப்பட்டது என்பதால் அது ஓடுகிறது என்று பொருளில்லை. மறுதொடக்கம் வரை பழையதே ஓடும். நிறுவிவிட்டு மாதக்கணக்கில் மறுதொடக்கம் செய்யாமல் வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம். திருத்தத்துக்குப் பிறகு ‘யுனேம்’ காட்டும் பதிப்பு, முதல் படியில் குறித்துவைத்ததிலிருந்து மாறியிருக்க வேண்டும். மறுதொடக்கம் இல்லாமலேயே கெர்னலைத் திருத்தும் வசதிகள் சில வினியோகங்களில் உண்டு. அவை இனிக் கசியாமல் தடுக்கும். ஏற்கெனவே தொலைந்த இடத்தைத் தராது. எனவே கசிவு நடந்திருக்கும் இயந்திரத்துக்கு ஒரு மறுதொடக்கம் எப்படியும் தேவை.

மேலே சொன்ன கேஎஸ்எம்பிடி குறை இங்கே ஒரு நல்ல பாடம். திருத்தம் ஆகஸ்டில் வந்துவிட்டது. சிவிஇ எண்ணோடு அது பரவலாகப் பேசப்பட்டதோ டிசம்பரில், அதே சர்வரில் இருந்த மிகக் கடுமையான வேறொரு குறையான சிவிஇ-2022-47939 வெளியானபோது. இடைப்பட்ட மாதங்களில் வழக்கமான புதுப்பிப்புகளைப் போட்டு வந்தவர்கள், செய்தி வரும் முன்பே பாதுகாப்பாக இருந்தார்கள். அறிவிப்பு வந்த பிறகே கெர்னலைத் தொடுவது என்று வைத்திருந்தவர்கள் அத்தனை மாதங்களும் திறந்த நிலையில் இருந்தார்கள்.

உடனே புதுப்பிக்க முடியாத நிலை என்றால் கேஎஸ்எம்பிடி சேவையை நிறுத்தி, ‘மாட்புரோப்’ கட்டளையால் மாட்யூலை நீக்கி, மீண்டும் ஏறாதபடி ‘மாட்புரோப்-டி’ கோப்பகத்தில் தடை எழுதுங்கள். அதே கோப்புறைகளைச் சாம்பா வழியாகப் பகிரலாம். பயனர்கள் பக்கத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பகிர்வின் பெயரையும் உரிமைகளையும் அப்படியே வைத்திருந்தால் அவர்கள் கவனிக்காமலே போகலாம். என் கருத்து இன்னும் ஒரு படி மேலே: வேகம் உண்மையிலேயே போதவில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டாலொழிய, சாம்பாவை விட்டுக் கெர்னலுக்குள் போக வேண்டாம். கேஎஸ்எம்பிடிக்கு இருந்த சோதனைநிலை முத்திரை 2023-இல் வந்த 6.6 பதிப்பில்தான் நீக்கப்பட்டது. அதைப் பராமரிப்பவர்கள் உழைத்துக் குறைகளைக் களைந்துவருகிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கெர்னலுக்குள் நேரும் ஒவ்வொரு பிழைக்கும் விலை அதிகம்.

விண்டோஸ் சர்வர் என்றால்

விண்டோஸிலும் எஸ்எம்பி சர்வர் கெர்னலுக்குள்தான் ஓடுகிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றும் தேர்வு உங்களிடம் இல்லை. பார்க்க வேண்டிய எண், டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் நினைவகப் பகுதியில் உள்ள ‘நான்-பேஜ்ட் பூல்’. வட்டுக்கு மாற்ற முடியாத கெர்னல் நினைவகம் அது. அது ஏறிக்கொண்டே போய் இறங்காவிட்டால் மேலே சொன்ன அதே வரைபடத்தைப் போடுங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய, டிரைவர்கள் தங்கள் ஒதுக்கீடுகளில் இடும் நான்கெழுத்துக் குறிகளை ‘பூல்மான்’ கருவி அளவுவாரியாக வரிசைப்படுத்திக் காட்டும். மேலே நிற்கும் குறி எந்த டிரைவருக்கு உரியது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வைரஸ் தடுப்பு, காப்புப்பிரதி, வலையட்டை ஆகியவற்றின் டிரைவர்களும் கசியக்கூடியவை. கோப்புப் பகிர்வின் மீது பழியைப் போடும் முன் அவற்றை விலக்க வேண்டும்.

எஸ்எம்பியின் முதல் பதிப்பு இன்னும் இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 1709 வெளியீட்டிலிருந்து புதிய நிறுவல்களில் அதன் சர்வர் பகுதி இயல்பாக வருவதில்லை. பழைய இயந்திரங்களில் தங்கியிருக்கலாம்.

ஐந்தாம் படி: கசிவு அடைபட்டதா என்று பாருங்கள், புதியதென்றால் தெரிவியுங்கள்

மறுதொடக்கத்துக்குப் பிறகு அதே ‘கிரான்’ பதிவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முன்பு ஒரு வாரத்தில் எவ்வளவு ஏறியதோ அதே காலத்தை, அதே வேலைப்பளுவில் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு நாள் ஏற்றத்தைக் கண்டு கலங்க வேண்டாம். புதிதாக எழுந்த இயந்திரம் தன் நகல்களை நிரப்பிக்கொள்ளும் காலம் அது. அதன் பிறகு கோடு சமநிலைக்கு வந்தால் அடைபட்டது.

திருத்தம் போட்டும் படிக்கட்டு தொடர்ந்தால், இன்னும் அறியப்படாத கசிவாக இருக்கலாம். அப்போது உதவுவது ‘கேமெம்லீக்’. கெர்னலுக்குள் உள்ள இந்த வசதி 2009-இல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து உள்ளது. நினைவகம் முழுவதையும் அலசி, எந்த மாறியும் சுட்டாத ஒதுக்கீடுகளைத் தேடி, அவற்றை எந்தச் செயற்கூறு கேட்டு வாங்கியது என்ற தடத்தோடு பட்டியலிடும். வேகத்தைக் கடுமையாகக் குறைக்கும் என்பதால் வினியோகங்களின் வழக்கமான கெர்னல்களில் இது இருப்பதில்லை. இதை இயக்கித் தொகுத்த கெர்னலை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டி, உங்கள் சர்வரில் நடக்கும் அதே வகை வேலைகளை அங்கே நடத்திப் பாருங்கள். எல்லாச் சோதனைகளும் உங்களுக்குச் சொந்தமான, வெளியுலகோடு தொடர்பற்ற இயந்திரத்தில் மட்டும் நடக்கட்டும். பிறருடைய சர்வரைத் ‘தட்டிப் பார்ப்பது’ குற்றம். ஒருவரின் தரவுத்தளத்தை நிறுத்திவிடக்கூடிய செயலும்கூட.

சந்தேகப்படும் இடம் கிடைத்ததும், பதிப்பு எண், அளவீட்டுப் பதிவு, கேமெம்லீக் காட்டிய தடம் மூன்றையும் சேர்த்து உங்கள் வினியோகத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனிமடலில் அனுப்புங்கள். உள்நுழையாத ஒருவரால் தூண்டப்படக்கூடியது என்று தோன்றினால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அவர்கள் வேலையை வரிசைப்படுத்த அது உதவும். தூண்டும் முறையைத் திருத்தம் வரும்வரை பொதுவெளியில் போடாதீர்கள்.

லினக்ஸ் கெர்னல் குழு 2024 பிப்ரவரியிலிருந்து தன் குறைகளுக்குத் தானே சிவிஇ எண்களை வழங்குகிறது. அதன் பின் அறிவிப்புகளின் எண்ணிக்கை மிகவும் பெருகிவிட்டது. எல்லாவற்றையும் ஒருவர் படிப்பது இயலாது. நீங்கள் உண்மையில் ஓட்டும் பகுதிகளின் பெயர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்: கேஎஸ்எம்பிடி, என்எஃப்எஸ்டி (கெர்னலின் என்எஃப்எஸ் சர்வர்), உங்கள் கோப்பு முறைமை, உங்கள் வலையட்டையின் டிரைவர். முதல் படியில் நீங்கள் எடுத்த குறிப்பே அந்த வடிகட்டிக்கான பட்டியல்.